எரர் காயின் பார்ப்பதற்கு ஒரு 10 எக்ஸ் லூப்: மதிப்புரை

நாணயம் சேகரிப்பவர்கள் சட்டைப் பையில் மடக்கி வைத்துக்கொள்ளும், பொருளைப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சிறு உருப்பெருக்கியான 10 எக்ஸ் டிரிப்லெட் லூப், மூன்று கண்ணாடிகளை ஒட்டி ஒரே லென்ஸாக ஆக்கப்பட்டது. அதனால் ஓரங்களில் நிறம் பிரிவதும் எழுத்து வளைந்து தெரிவதும் வெகுவாகக் குறைகின்றன. என்னிடம் இருப்பது 18 மி.மீ. லென்ஸும் அதைச் சுற்றிச் சிறு எல்இடி விளக்குகளும் கொண்ட, பிராண்டுப் பெயர் எதுவும் பொறிக்கப்படாத ஒன்று. நாணயம் அடிக்கும் அக்கசாலையிலேயே நேர்ந்த பிழையையும் (அப்படிப் பிழைபட்டதே எரர் காயின்), வெளியே வந்த பிறகு நாணயத்துக்கு ஏற்பட்ட சேதத்தையும் பிரித்தறிய அது எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதே இந்த மதிப்புரையின் பொருள்.

வாங்குபவர்கள் முதலில் 30 எக்ஸ் என்ற பொறிப்பைக் கண்டு மயங்காமல் இருக்க வேண்டும். 250 மி.மீ.யை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும் என்பதால், 10 எக்ஸ் லென்ஸில் நாணயம் ஏறக்குறைய 25 மி.மீ. தொலைவில் தெளிவாகத் தெரியும். உண்மையான 30 எக்ஸ் லென்ஸை 8 மி.மீ. வரை நெருக்கிப் பிடிக்க வேண்டும். அகன்ற லென்ஸுடன், ஓர் அங்குலத் தூரத்திலேயே தெளிவு காட்டும் ‘30 எக்ஸ்’ லூப் எதுவானாலும் அது 10 எக்ஸ்தான்.

இந்த லூப் மிக நன்றாகச் செய்யும் வேலை, ஒரு கோடு மேடா பள்ளமா என்பதைக் காட்டுவது. நாணயத்தில் உருவத்தைப் பதிக்கும் அச்சில் விரிசல் விழுந்தால் அடிக்கும்போது உலோகம் அதற்குள் புகுந்துவிடுவதால், நாணயத்தில் அது மேடான கோடாகவே வரும். பின்னர் விழுந்த கீறலோ பள்ளமாக இருப்பதோடு, உழவுச் சாலின் இரு கரையிலும் மண் ஏறுவதுபோல் அதன் ஓரங்களில் உலோகம் பிதுங்கி நிற்கும். வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இவ்விரண்டும் 10 எக்ஸில் உடனே பிரிந்துவிடுகின்றன.

எழுத்து இரட்டையாகத் தெரியும் இரட்டிப்பைப் பார்க்கும்போதுதான் இதன் விளக்கு எதிரியாகிறது. அச்சிலேயே எழுத்து இருமுறை பதிந்திருந்தால், நாணயத்தில் இரண்டு பதிவுகளும் உருண்ட மேடுகளாக நிற்கும். எழுத்து தடித்திருக்கும், முனைகளில் பிளவு தெரியும். 1955ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் நாணயம் இதற்குப் பேர்பெற்ற உதாரணம். அச்சு தளர்ந்திருந்தால், அடித்த கணத்திலேயே அது அசைந்து எழுத்தின் ஓரத்தைச் சீவித் தட்டையான படியொன்றை உண்டாக்கும். எழுத்து தடிப்பதற்குப் பதிலாக மெலியும். இது அக்கசாலையில் நேர்ந்ததுதான் என்றாலும் விவரமறிந்த சேகரிப்பாளர் இதற்குக் கூடுதல் விலை தருவதில்லை. எல்இடி வட்டம் எல்லாப் பக்கமிருந்தும் ஒளி பாய்ச்சி நிழலை அழித்துவிடுவதால், தட்டையான படியும் உருண்ட மேடுபோல மின்னுகிறது. நான் அந்த விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கின் ஒளி பக்கவாட்டில் தாழ்வாக விழும்படி நாணயத்தைச் சாய்த்துப் பார்க்கிறேன். விளக்கில்லாத லூப் கிடைத்தால் அதையே வாங்கலாம்.

லூப்பே தேவைப்படாத ஏமாற்றுகளும் உண்டு. ஒரு கண்காட்சிக் கடையில், நடு வட்டு திரும்பியிருந்த பத்து ரூபாய் நாணயத்தை ‘மிண்ட் மிஸ்டேக்’ என்று காட்டினார்கள். வளையத்தில் ‘இந்தியா’ நேராக இருக்க, நடுவில் சிங்கத் தூண் சாய்ந்திருந்தது. வெற்று வளையமும் வெற்று வட்டும் ஒன்றாக அச்சுக்குள் வைக்கப்பட்டு, ஒரே அடியில் இணைந்து உருவமும் பெறுகின்றன. ஆகவே வட்டு எப்படிக் கிடந்தாலும் வளையத்தின் எழுத்தும் நடுவிலுள்ள சின்னமும் ஒரே நேர்வரிசையில்தான் விழும். சின்னம் திரும்பியிருந்தால் வட்டை யாரோ தட்டிக் கழற்றி மீண்டும் செருகியிருக்கிறார்கள். வட்டும் வளையமும் சேருமிடத்தை லூப்பில் பார்த்தால், அநேகமாகத் தட்டிய தடமும் தெரியும்.

பழைய 20 பைசா போன்ற அலுமினிய நாணயங்களுக்கு லூப் மிகவும் அவசியம். முன்பு அடித்த நாணயம் அச்சில் ஒட்டிக்கொண்டு அடுத்த வெற்று வட்டின்மீது பதிந்தால், ஒரு பக்கத்தில் இடவலம் மாறிய பள்ள உருவம் மட்டுமே இருக்கும். இரண்டு நாணயங்களைச் சேர்த்துப் பட்டறை இடுக்கியில் இறுக்கினாலும், அலுமினியம் மென்மையானது என்பதால் இதே பள்ள உருவம் எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் இடுக்கியில் செய்ததில், அந்தப் பக்கத்தின் பழைய எழுத்துகள் நசுங்கிய நிலையில் அடியில் எஞ்சியிருக்கும். அந்த மிச்சத்தைத்தான் லூப்பில் தேட வேண்டும்.

எழுத்து மங்கிய நாணயத்தில் லூப் மட்டும் போதாது. அச்சில் மசகு அடைத்தும் எழுத்து மங்கலாம், அமிலத்தில் ஊறவைத்தும் மங்கலாம். அமிலம் பட்ட பரப்பை நன்றாக மெருகேற்றியிருந்தால் 10 எக்ஸில் வேறுபாடு தெரியாது. இதற்கு 0.01 கிராம் காட்டும் சிறு தராசும் விட்டத்தை அளக்கும் ஒரு காலிப்பரும் வேண்டும். 2011ஆம் ஆண்டு வரிசையின் ஐந்து ரூபாய் நாணயம் 6.00 கிராம் எடையும் 23 மி.மீ. விட்டமும் கொண்டது. எடை சரியாக இருந்து எழுத்து மட்டும் மங்கியிருந்தால் மசகாக இருக்கலாம். எடை அரை கிராம் குறைந்து விட்டமும் சுருங்கியிருந்தால் அமிலம் தின்றிருக்கிறது. எடை குறைந்தும் விட்டம் முழுதாக இருந்தால், மெல்லிய வட்டில் அடித்த உண்மையான பிழையாக இருக்கக்கூடும் என்பதால் அதைத் தனியே எடுத்து வைக்கலாம்.