எழினி ஆண் பிள்ளைப் பேர்தான்: 750 ரூபாய் கட்டி வாங்கிய பெயர் அறிக்கை பற்றி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையின் நட்சத்திரம், பாதம், அதற்குரிய முதல் எழுத்து, இவை மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள், பிறந்த நேரத்தை வைத்துக் குழந்தைக்குப் பேர் ஆராய்ந்து அறிக்கை அனுப்பும் இந்தச் சேவைக்குப் பணம் கட்டலாம். பேருக்குப் பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது, ஊரில் எத்தனை பேர் அதை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் கட்ட வேண்டாம். என் பேரன் விஷயத்தில் அவர்கள் செய்தது பெரிய பிழை. அதைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

நான் பர்மாவில் பெகு என்ற ஊரில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணி 20 நிமிஷத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. தலைப்பேரன்.

பர்மாவில் நம் பிள்ளைகள் பலருக்கும் இரண்டு பேர். பள்ளிக்கூடத்துக்கும் அடையாள அட்டைக்கும் பர்மியப் பேர், வீட்டுக்கும் கோயில் அர்ச்சனைக்கும் தமிழ்ப் பேர். பர்மியப் பேருக்கு நட்சத்திரம் தேவையில்லை, பிறந்த கிழமை போதும். திங்கள் என்றால் க வரிசை, செவ்வாய் என்றால் ச வரிசை, வியாழன் என்றால் ப வரிசை, சனி என்றால் த வரிசை. ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைக்கு உயிரெழுத்து. பகோடாவில் ஞாயிற்றுக்கிழமை பிறந்தவர்கள் வடகிழக்கு மூலையில் கருடன் இருக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். அதனால் 'அவுங்' என்று தொடங்கும் ஒரு பேரைச் சம்பந்தி வீட்டில் டீ ஆறுவதற்குள் முடிவு செய்துவிட்டார்கள். அவுங் என்றால் வெற்றி. சின்ன வயதில் முன்னால் மௌங் சேரும், வாலிபத்தில் கோ, வயசானால் ஊ. நல்ல பேர், எனக்கும் சம்மதம்.

தமிழ்ப் பேர்தான் இழுத்துக்கொண்டே போனது. என் மனசில் நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரு பேர் இருந்தது. எழினி. என் மகனுக்கு வைக்க நினைத்திருந்தேன், எனக்கு வாய்த்தது மூன்றும் பெண்கள். இப்போது பேரன் வந்துவிட்டான். ஆனால் மகள் பிடிவாதமாக, "அப்பா, நட்சத்திரத்துக்குப் பொருந்துதான்னு முதல்ல பாருங்க" என்றாள். வியாசர்பாடியில் இருக்கும் என் மச்சான்தான் இந்தச் சேவையைப் பற்றிச் சொன்னார். 750 ரூபாய். இங்கிருந்து பணம் அனுப்புவது சிரமம் என்பதால் அவரே கட்டினார். மூன்று நாளில் 14 பக்க அறிக்கையை அவருடைய போனுக்கு அனுப்பினார்கள், அவர் எனக்கு வைபரில் அனுப்பினார்.

முதல் அறிக்கையில் ரோகிணி முதல் பாதம், எழுத்து 'ஒ' என்று இருந்தது. எங்கள் கோயில் ஐயர் ஏற்கெனவே கார்த்திகை நாலாம் பாதம் என்று குறித்துக் கொடுத்திருந்தார். காரணம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. பர்மா நேரம் இந்திய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவது. இங்கே 2:20 ஆகும்போது சென்னையில் 1:20. பிறந்த ஊர் பெகு என்று தெளிவாக எழுதிக் கொடுத்தும், அவர்கள் 2:20-ஐ இந்திய நேரமாகவே வைத்துக் கணக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு பாதம் சுமார் ஆறு மணி நேரம் ஓடும், அதனால் பல நாள் இந்தத் தப்பு தெரியாமலே போய்விடும். எங்கள் பிள்ளை நட்சத்திரமே மாறுகிற நேரத்தில் பிறந்ததால் மாட்டிக்கொண்டது. எழுதிக் கேட்டேன். அன்று சாயங்காலமே வருத்தம் தெரிவித்து, திருத்திய அறிக்கையைக் காசு கேட்காமல் அனுப்பினார்கள். கார்த்திகை நாலாம் பாதம், எழுத்து 'எ'. இதற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். மலேசியா, சிங்கப்பூர், பர்மா என்று வெளியில் இருப்பவர்கள், நேரத்தை எழுதும்போது பக்கத்தில் 'உள்ளூர் நேரம்' என்று கட்டாயம் சேர்த்து எழுதுங்கள்.

கார்த்திகைக்கு அ, இ, உ, எ. நாலாம் பாதத்துக்கு எ. ஞாயிற்றுக்கிழமைக்கும் உயிரெழுத்து. தமிழ்க் கணக்கும் பர்மியக் கணக்கும் ஒரே எழுத்தில் வந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழினி என்ற பேர் அவனுக்காகவே காத்திருந்தது போல இருந்தது.

பெற்றவர்கள் விரும்பும் மூன்று பேரை எழுதி அனுப்பினால் அவற்றையும் ஆராய்ந்து சொல்வதாக விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நான் ஒன்றே ஒன்று எழுதினேன். பன்னிரண்டாம் பக்கத்தில் பதில் இப்படி: "எழினி. பாலினம்: பெண். மூலம்: சமஸ்கிருதம். பொருள்: அழகானவள். பிரபலம்: மிக அரிது. ஆண் குழந்தைக்குப் பரிந்துரைக்கவில்லை."

நாலு வரியில் மூன்று தப்பு.

மூலத்திலிருந்தே வருகிறேன். பேரின் நடுவில் ழகரம் நிற்கிறது. சமஸ்கிருத நெடுங்கணக்கில் அந்த எழுத்தே கிடையாது. பேரை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தாலே இதை எழுதியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது ஆணா பெண்ணா என்பது. எழினி என்பது அதியமான் மரபில் வந்த ஆண்களின் பேர். தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, அவர்களுடைய ஊர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. பொகுட்டு என்பது தாமரைப் பூவின் நடுவில் இருக்கும் கொட்டை. புறநானூற்றில் 96, 102, 392 ஆகிய மூன்று பாட்டும் ஔவை அவனுக்காகப் பாடியவை. தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்து நின்ற ஏழு பேரிலும் ஒருவன் எழினி. அகநானூறு 36-ஆம் பாட்டில் பொன் பூண் அணிந்தவனாக, யானையோடு வருகிறான். தகடூர்ப் போரில் விழுந்தவனும் ஓர் எழினிதான். அவனுக்காகப் புலவர் அரிசில்கிழார் கூற்றுவனையே கேட்கிறார்: நொடித்துப்போன உழவன் விதை நெல்லைச் சமைத்துத் தின்ற மாதிரி இவன் உயிரைத் தின்றுவிட்டாயே, இவனை விட்டுவைத்திருந்தால் போர்க்களத்தில் உனக்கு எத்தனை உயிர் கிடைத்திருக்கும் என்று. எங்கள் ஊர் நெல் விளையும் ஊர். விதை நெல்லைத் தின்பது என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் குடும்பம் வெறும் பாட்டில் மட்டும் இருந்தது இல்லை. திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரில் 1981-இல் கண்டுபிடித்த, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டில் அதியன் நெடுமான் அஞ்சியின் பேர் அப்படியே வெட்டியிருக்கிறது. அசோகன் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியரோடு வரும் சத்தியபுத்திரர் இவர்கள்தான் என்பதும் அந்தக் கல்வெட்டால்தான் தெளிவானது.

பிறகு ஏன் பெண் பேர் என்று நினைக்கிறார்கள்? காதுதான் காரணம். யாழினி, மகிழினி, நந்தினி என்று கேட்டுக் கேட்டு, 'இனி' என்று முடிந்தாலே பெண் என்று பழகிவிட்டது. தமிழ்நாட்டில் இப்போது பெண் குழந்தைகளுக்கு எழினி என்று வைப்பதாக மச்சானும் சொன்னார். தாராளமாக வைக்கட்டும், அழகான பேர். ஆனால் பழைய தமிழில் இகரத்தில் முடிவது ஆண் பேருக்குச் சாதாரணம். கடையெழு வள்ளல்களில் பாரி, காரி, ஓரி, நள்ளி என்று நாலு பேர் அப்படி. அஞ்சி, கிள்ளி, எவ்வி எல்லாம் ஆண்கள்தான். பாரியை ஆண் பேராக எல்லாரும் ஏற்றுக்கொள்கிறோமே, எழினியை ஏன் விட்டுவிட்டோம்?

இனி பொருள். எழினி என்றால் திரைச்சீலை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் அரங்கத்துக்கு மூன்று வகை எழினி சொல்லியிருக்கிறது: ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது ஒருமுக எழினி, இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்வது பொருமுக எழினி, மேலே மறைந்திருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. எங்கள் கோயிலில் அம்மனுக்கு அலங்காரம் நடக்கும்போது சன்னதியில் சிவப்புத் திரை போட்டிருப்பார்கள். உள்ளே மணிச் சத்தம் கேட்கும், திரை லேசாக அசையும், கூட்டம் மொத்தமும் கையைக் கூப்பிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்கும். எனக்கு எழினி என்றால் அந்த நிமிஷம்தான். 'அழகானவள்' என்று எழுதியவர் எழில் என்ற சொல்லோடு குழப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தப் பேர் என் மனசில் விழுந்த கதையையும் சொல்ல வேண்டும். 1960-களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு எங்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது வீட்டுத் திண்ணையும் கோயில் மண்டபமும்தான். எனக்கு வாய்த்த வாத்தியார் அந்தந்தப் பிள்ளையின் அப்பா செய்யும் தொழிலைப் பார்த்துப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார். என் அப்பா அரிசி மில்லுக்கு மாட்டு வண்டி ஓட்டியவர். அதனால் எனக்குப் புறநானூற்றின் 102-ஆம் பாட்டு. மாடுகளோ இளசு, நுகத்தடி பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன ஆகுமோ, யாருக்குத் தெரியும்? அதனால் உப்பு விற்கும் உமணர்கள் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டி வைத்துக்கொண்டு போவார்கள். சேம அச்சு. எழினி, நீ அந்தச் சேம அச்சு என்கிறாள் ஔவை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓடி எங்கள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு கட்டை தேங்காய்க் கயிற்றால் கட்டியிருந்தது. கயிறு மழையில் நனைந்து கறுத்துப் போயிருந்தது, கட்டையில் அப்பாவின் அரிவாள் வெட்டு இரண்டு.

அறிக்கையைப் படித்துவிட்டு மருமகன் தயங்கினார். ரங்கூன், மாண்டலே என்று லாரி ஓட்டுகிறவர். "மாமா, பொம்பளப் பேருன்னு போட்டிருக்காங்களே, நாளைக்குப் பையனைக் கேலி பண்ண மாட்டாங்களா?" என்றார். அவருடைய லாரி அப்போது பட்டறையில்தான் நின்றது. கூட்டிக்கொண்டு போய் அடியில் காட்டினேன். சேஸியோடு சேர்த்து, பாரம் தாங்கும் ஸ்பிரிங்குக்கு உபரியாக இரண்டு லீப் பட்டையைக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்.

"இது எதுக்கு மாப்ள?"

"வழியில பட்டை ஒடிஞ்சா என்ன பண்றது மாமா? நடுக்காட்டுல யாரு வருவா?"

"அதுதான் எழினி."

கொஞ்ச நேரம் அந்தப் பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பேரைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை.

அறிக்கையில் மீதி இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண் கணிதத்துக்கு இரண்டு பக்கம். ஆங்கில எழுத்துக்களைக் கூட்டி 24, அதாவது 6, நல்ல எண் என்று போட்டிருக்கிறார்கள். ழகரத்துக்காக ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதி, அதற்கும் எண் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம்புகிறவர்களுக்குக் கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. பரிந்துரைப் பட்டியலில் 60 பேர், அதில் பெரும்பாலும் ஷகரமும் ஹகரமும். 'எ'-யில் தொடங்கும் ஆண் பேர் வெறும் ஏழு. எழிலன், எழில்மாறன் அதில் உண்டு. பத்துப் பேருக்கு மேல் 'கடவுளின் பரிசு' என்று ஒரே பொருள் எழுதியிருப்பதைப் படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது. பெற்றவர்கள் எவ்வளவு ஆசையோடு ஒவ்வொரு வரியாகப் படிப்பார்கள்!

'மிக அரிது' என்றது மட்டும் நிஜம். பெகுவிலும் ரங்கூனிலும் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேரோடு ஓர் ஆணைக்கூட நான் பார்த்ததில்லை. முருகன், குமார், ராஜா, செல்வம் என்றுதான் கூப்பிடுகிறோம். பர்மியர்களுக்கு ழ வராது, 'எலினி' என்பார்கள். நம் பிள்ளைகளிலும் பாதிப் பேர் எளினி என்றுதான் சொல்லும், சொல்லிச் சொல்லித்தான் திருத்த வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் நான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தொட்டில் போட்ட அன்று சர்க்கரைத் தண்ணீரை உதட்டில் தடவி, வலது காதில் மூன்று தரம் எழினி என்று சொன்னேன். மூன்றாவது தரம் சொல்லும்போது குழந்தை என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டான்.

மேலே எழுதியதையெல்லாம் பாட்டு எண்களோடு அந்தச் சேவைக்கு அனுப்பி இரண்டு மாசம் ஆகிறது. 'பரிசீலிக்கிறோம்' என்று ஒரு வரி வந்தது. போன வாரம் என் மச்சானின் பக்கத்து வீட்டுக்காரர் தன் பேரனுக்காக இதே பேரைக் கேட்டுப் பணம் கட்டியிருக்கிறார். அவருக்கு வந்த அறிக்கையிலும் பெண் என்றுதான் இருக்கிறது. அதனால் கணக்குக்கு 5-இல் 4 நட்சத்திரம், பேருக்கு 1. பட்டியலைத் திருத்தினால் இந்த மதிப்பெண்ணை நானே மாற்றி எழுதுகிறேன்.