காரைக்குடி டோனட் கடை: மூன்று ஆண்டுப் பழக்கத்தில் கண்டவை

அழகப்பா பல்கலைக்கழக மாணவர்கள் மாலையில் கூடும் கடைகளுள் ஒன்று, என் அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் ஒரு சிறிய டோனட் கடை. 2022 நவம்பரிலிருந்து மாதம் மூன்று நான்கு முறையாவது அங்கே போய் வருகிறேன். ஒருமுறை உண்டுவிட்டு எழுதும் கருத்துக்கும் மூன்றாண்டு பழகிய பின் எழுதும் கருத்துக்கும் வேறுபாடு இருக்கும் என்பதால்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். குறைகளும் இதில் வருவதால் கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

கடை பெரியதன்று. முன்புறம் கண்ணாடிப் பெட்டி, பின்புறம் சமையற்கட்டு, நடுவே ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நான்கு மேசைகள். சர்க்கரைப் பூச்சு மட்டும் உள்ள வளையம், சாக்லேட் தோய்த்தது, உள்ளே பழக்கூழோ கஸ்டர்டோ நிரப்பிய ஓட்டையில்லாத உருண்டை, ஈஸ்ட் சேர்க்காமல் பேக்கிங் பவுடரில் செய்யும் கேக் வகை என எட்டு ஒன்பது வகைகள் இருக்கும். வண்ணத் தூள் தூவியவற்றைப் பிள்ளைகள் கேட்பார்கள். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தித்திப்பைத் தவிர.

இந்தக் கடையில் வாடிக்கையாளரின் மனநிறைவைத் தீர்மானிப்பது வகையுமன்று, விலையுமன்று. எத்தனை மணிக்குப் போனோம் என்பதே. முதல் நாள் மாலை ஐந்து மணியளவில் போனேன். அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்துப் பூச்சு ஊற்றிய வளையத்தைத் தந்தார்கள். கையில் எடுத்தபோது கனமே தெரியவில்லை. இரு பக்கமும் பொன்னிறமாக இருக்க, இடுப்பில் ஒட்டியாணம் கட்டியதுபோல் வெளிறிய கோடு ஒன்று சுற்றி ஓடியது. நன்றாகப் பொங்கிய ஈஸ்ட் மாவு எண்ணெயில் பாதி மட்டுமே அமிழ்ந்து மிதப்பதால், இருபுறமும் திருப்பிப் போட்டாலும் நடுப்பகுதி எண்ணெயைத் தொடாமல் தப்பிவிடுகிறது. அந்தக் கோடு அதன் அடையாளம். அன்றிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்றால் நான் முதலில் தேடுவது அந்தக் கோட்டைத்தான். அடுத்த வாரம் இரவு ஒன்பது மணிக்குப் போய் அதே வகையை அதே விலைக்கு வாங்கினேன். பூச்சு வியர்த்துப் பிசுபிசுத்திருந்தது. கடித்து இழுக்க வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே கைப்பக்குவம் என்று சொன்னால் நம்புவது கடினம்.

இதில் கடையின் பங்கு பாதி, நம் ஊர்ப் பழக்கத்தின் பங்கு மீதி என்பது எனக்குப் பிடிபட ஓராண்டு ஆயிற்று. செட்டிநாட்டில் பலகாரம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவன தேன்குழல், மாவுருண்டை, சீப்புச்சீடை, மனகோலம் போன்றவை. டின்னில் அடைத்தால் வாரக்கணக்கில் கிடக்கும், கப்பலேறிப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்களின் மூட்டையில் வைத்துக் கட்டக்கூடிய பண்டங்கள். அதிரசம் மறுநாள்தான் பதம் கூடும். ஆகவே இனிப்பு என்றால் கிலோக் கணக்கில் வாங்கி, வீட்டில் வைத்து, வந்தவர்களுக்குக் கொடுத்து, ஊருக்குப் போகிறவர்களுக்கும் கட்டிக்கொடுப்பது நமக்கு இயல்பாகிவிட்டது. டோனட்டையும் அப்படித்தான் வாங்கினோம்.

2023-இல் எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றுக்கு முந்தின நாள் மாலையே மூன்று டஜன் வாங்கி வந்து, கெட்டுவிடக் கூடாதே என்று பெட்டியோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். காலையில் எடுத்தபோது ரப்பர் வளையல்கள் போல இருந்தன. என் அப்பத்தா ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு, “என்னப்பா இது, ஆறிப்போன வெள்ளைப் பணியாரம் மாதிரி இருக்கு?” என்றார். கடையின் மீது எனக்கிருந்த கோபம் அந்தக் கேள்வியில்தான் திசை மாறியது. பச்சரிசியை அளந்து அதன் தலையில் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, ஊறவைத்து அரைத்து, கரண்டி கரண்டியாக எண்ணெயில் ஊற்றி எடுக்கும் வெள்ளைப் பணியாரத்தை எவரும் மறுநாளைக்கு எடுத்து வைப்பதில்லை. வரமிளகாய்த் துவையலோடு அடுப்படியிலேயே தின்று தீர்ப்பதுதான் அதற்கு மரியாதை. டோனட் தேன்குழலின் இனமன்று, வெள்ளைப் பணியாரத்தின் இனம். குளிர்ச்சி அதைக் காப்பாற்றாது என்பது மட்டுமன்று, கெடுக்கவும் செய்யும்: வெந்த மாவில் இளகியிருந்த மாவுச்சத்து மீண்டும் இறுகுவதால்தான் ரொட்டி வகைகள் விறைக்கின்றன, அந்த இறுக்கம் வெளியில் இருப்பதைவிடக் குளிர்சாதனப் பெட்டியில் விரைவாக நடக்கிறது. மீந்த ஒன்றிரண்டை இப்போது மூடிய பாத்திரத்தில் வெளியிலேயே வைத்து, காலையில் மைக்ரோவேவில் பத்து நொடி சூடாக்கிக் கொடுக்கிறேன். சற்று நேரம் மென்மை திரும்பும். ஆறினால் முன்னைவிடக் கெட்டியாகும் என்பதால் உடனே தின்றுவிட வேண்டும்.

ஆனால் இதையெல்லாம் மூன்று டஜன் வாங்கியவனிடம் கடை அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அடுத்த முறை போனபோது உரிமையாளரிடம் இதைக் கேட்டேன். அவர் வாதாடவில்லை. சில வாரங்களில் கல்லாவுக்குப் பக்கத்தில் சிறு கரும்பலகை ஒன்று முளைத்தது. ‘இன்று பொரித்த நேரம்’ என்று தலைப்பிட்டு 11.30, 4.30, 7.00 என்று எழுதியிருந்தார்கள். மூன்றாண்டில் இந்தக் கடை செய்த ஆகச் சிறந்த காரியம் அந்தப் பலகைதான் என்பேன். வருத்தம் என்னவென்றால், 2024-இல் சில மாதங்கள் அது வெறுமையாகவே தொங்கியது. ஆள் மாறியதும் எழுதும் பழக்கமும் மாறிவிட்டது. மறுபடி கேட்ட பிறகே சாக்குக்கட்டி வந்தது.

கோடைக்காலத்தில் இந்தக் கடையைப் பற்றி எனக்கு நல்ல கருத்து இல்லை. மே மாதத்து வெயிலில் ஈஸ்ட் மாவு எதிர்பார்த்ததற்கு முன்பே பொங்கி, மிஞ்சிப் புளித்துவிடுகிறது. அப்படிப்பட்ட மாவு எண்ணெயில் விழுந்ததும் அமுங்கி எண்ணெயைக் குடிக்கும். உள்ளே பெரிய பெரிய பொந்துகளும், கள் வாடையை நினைவூட்டும் மணமும் இருக்கும். நான் சொன்ன வெளிறிய கோடும் அந்நாட்களில் காணக் கிடைக்காது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் நிலைமை இன்னும் மோசம். அந்த நாட்களில் நான் கேக் வகையை மட்டும் வாங்குகிறேன். பேக்கிங் பவுடரில் செய்வதால் மாவைப் பொங்கவிடும் வேலை அதற்கு இல்லை, வெயில் அதை அவ்வளவாகப் பாதிப்பதுமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வளைய வகை தன் முழு அழகில் இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். நான் முதலில் போனது நவம்பராக இருந்தது என் நல்ல நேரம்.

எண்ணெய் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். டோனட்டுக்குச் சூடு 180 முதல் 190 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் எண்ணெய் குடிக்கும், கூடினால் வெளியே கருகி உள்ளே மாவாக இருக்கும். எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்தால் அதில் பெருகும் முனைவுச் சேர்மங்களின் (எண்ணெய் சிதைவதால் உண்டாகும் பொருள்களின்) அளவு 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நம்மிடம் அளக்கும் கருவி இல்லை. நாக்கும் தொண்டையும் இருக்கின்றன. தொண்டையில் ஒரு கமறல், விரலில் ஒட்டிக்கொள்ளும் பிசுக்கு, பூச்சின் இனிப்பையும் மீறி வரும் கசப்பு ஆகியவற்றை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம். இந்த மூன்றாண்டில் இரண்டு முறை அப்படி உணர்ந்தேன், இரண்டும் ஞாயிற்றுக்கிழமை இரவு. ஆத்தங்குடி, கானாடுகாத்தான் வீடுகளைப் பார்த்துவிட்டு வரும் சுற்றுலாக் கூட்டம் கடையை நிறைக்கும் நாள் அது. சொன்னபோது மாற்றிக் கொடுத்தார்கள். பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தார்கள்.

செயலி வழியாக வீட்டுக்கு வரவழைப்பதை நான் கைவிட்டுவிட்டேன். சூடான டோனட்டை மூடிய அட்டைப் பெட்டியில் வைத்தால் ஆவி மேல்மூடியில் முட்டி நீராகி, பூச்சின்மேல் சொட்டுகிறது. கோட்டையூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சர்க்கரை பெட்டியின் அடியில்தான் இருக்கும்.

விலை சர்க்கரைப் பூச்சு வளையத்துக்கு 60 ரூபாயில் தொடங்கி இப்போது 75-இல் நிற்கிறது. 2025 செப்டம்பர் 22-இல் கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட் வகைகளுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தபோது இங்கும் குறையுமென்று பலர் எதிர்பார்த்து வந்தனர். கடையின் ரசீதில் தொடக்கத்திலிருந்தே உணவகங்களுக்கான 5 விழுக்காடுதான் இருந்தது என்பதால் எதுவும் மாறவில்லை. அதைக் கல்லாவில் இருந்த பெண் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்த பிறகு கடையின் முகமே மாறியிருக்கிறது. அண்மையில் ஒருவர் மறுநாள் சிங்கப்பூர் விமானத்துக்கு எடுத்துப்போக இரண்டு டஜன் கேட்டார். “வேண்டாம் அண்ணே, போய்ச் சேர்றப்ப நல்லா இருக்காது. ரெண்டு இங்கயே சாப்பிட்டுட்டுப் போங்க, ஊருக்கு முறுக்கும் சீடையும் வாங்கிக்கங்க” என்று அவர் சொன்னதைக் கேட்டு நான் அசந்துபோனேன். 2023-இல் இந்தப் பெண் கல்லாவில் இருந்திருந்தால் எனக்கு மூன்று டஜன் மிச்சம்.

தீராத குறை ஒன்று உண்டு. எந்த வகையில் முட்டை இருக்கிறது, எதில் இல்லை என்பதை இன்றுவரை கண்ணாடிப் பெட்டியில் எழுதி வைக்கவில்லை. ஈஸ்ட் வளையத்தில் முட்டை இல்லையென்று ஒரு நாளும், கொஞ்சம் உண்டென்று இன்னொரு நாளும் பதில் வந்தது. கடைக்குச் சென்ற ஆண்டு கோழி நக்கெட்டும் வந்து சேர்ந்ததால், ஒரே எண்ணெய்ச் சட்டியா என்ற கேள்வியும் கூடிற்று. தனிச் சட்டிதான் என்று உரிமையாளர் சமையற்கட்டுக்குள் அழைத்துப் போய்க் காட்டினார். சட்டிகள் இரண்டு, வடிகட்டும் கரண்டி ஒன்று. வெள்ளியும் சஷ்டியும் கார்த்திகையும் பார்க்கிற வீடுகள் நிறைந்த ஊரில், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போக விரதமிருக்கும் மாதங்களில், இது சிறிய விஷயமன்று. அந்தக் கரும்பலகையிலேயே இன்னொரு வரி எழுதினால் போதும் என்று நான் சொல்லி ஓராண்டாகிறது. விரதம் பார்க்கும் என் அத்தை எங்களோடு கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. பிள்ளைகள் விரலைச் சூப்பிக்கொண்டு தின்பதைப் பார்த்தபடி, இன்னமும் காப்பி மட்டும் குடித்துவிட்டு எழுந்திருக்கிறார்.