பன்னிரண்டு ஆண்டுப் பையில் தேறியவையும் வெட்டுப்பட்டவையும்

அக்கா மகன் இந்த ஆண்டு பலதுறைத் தொழிற்கல்லூரியில் பாறையேற்றக் குழுவில் சேர்ந்திருக்கிறான். போன மாதம் செங்காங்கிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவன், சாப்பிட்டு முடித்த கையோடு, "சித்தி, உங்கள் பழைய பாறையேற்றச் சாமான்கள் சும்மாதானே கிடக்கின்றன? எனக்குக் கொடுத்துவிடுங்களேன்" என்றான். கொடுக்க ஆசைதான். 2013 முதல் வாங்கிச் சேர்த்தவை. டெய்ரி ஃபார்ம் கற்சுரங்கம், பத்துமலை, கிராபி என்று என்னோடு சுற்றியவை. பாயை விரித்துப் பையைக் கவிழ்த்தோம்.

சச்சரவு குறைவு என்பதால் உலோகத்தில் தொடங்கினோம். கயிற்றை மாட்ட வாய் திறந்து மூடும் உலோக வளையம்தான் காராபினர்; அதற்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் வயது வரம்பு வைப்பதில்லை. அதன் முதுகில் பொறித்திருக்கும் எண்களை அவனுக்குக் காட்டினேன். நீளவாக்கில் தாங்குவது 24 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ இரண்டரை டன் எடை. வாய் திறந்திருந்தால் வெறும் 8. ஆகவே வாய் தானாகப் பட்டென்று மூடிக்கொள்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பத்தில் ஒன்று பாதியிலேயே நின்றது. கிராபிக் கடற்காற்றின் வேலை. அங்கே ரைலே பாறைகளில் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளே விரிசல் கண்டு, டைட்டானியத்துக்கு மாற வேண்டியிருந்தது; என் அலுமினியம் எம்மாத்திரம்? நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, கீலில் மசகு இட்டதும் அது சரியாகிவிட்டது. இன்னொன்று தேறவில்லை. கயிறு ஓடி ஓடி அதன் வளைவில் பள்ளம் விழுந்திருந்தது. பள்ளத்தின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தால் மாட்டியது. நகத்தை மாட்டும் விளிம்பு கயிற்றையும் அறுக்கும்.

துணிச் சமாச்சாரம் வேறு. என் முதல் இடுப்புக் கச்சை, ஹார்னஸ் என்று எல்லோரும் சொல்வது, ஆறு ஆண்டுகள்தான் உழைத்தது. கயிற்றை முடிச்சுப் போடும் இடத்தில் நூல் பிசிறி, பூனை முடிபோல் நின்றது. சில கச்சைகளில் மேல்துணி தேய்ந்தால் உள்ளிருக்கும் சிவப்பு நூல் எட்டிப் பார்க்கும். என்னுடையதில் அந்த வசதி இல்லை. 2006 அக்டோபரில் அமெரிக்காவின் யோசெமிட்டியில் பாறையேறி டாட் ஸ்கின்னர் விழுந்து இறந்ததை அவனுக்குச் சொன்னேன். அங்குள்ள எல் கேப்பிடன் பாறைச்சுவரின் சலாத்தே வழியை 1988இல் கைகால் பலத்தால் மட்டுமே ஏறிக் காட்டிய இருவரில் ஒருவர் அவர். அறுந்தது கயிறு அல்ல. தேய்ந்துபோன கச்சையின் முன்வளையம். அது தேய்ந்திருப்பது அவருக்கே தெரிந்திருந்தது. பையன் தன் கல்லூரிக் கச்சையின் வளையத்தை நினைத்துக்கொண்டானோ என்னவோ, சற்று நேரம் பேசவில்லை.

அந்தக் கச்சையை வெட்டிய பிறகு ஒரு முட்டாள்தனம் செய்தேன். பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் முப்பது வெள்ளிக்கு வேறொரு கச்சை வாங்கினேன். "இரண்டே முறைதான் போட்டேன்" என்றார் விற்றவர். எம்ஆர்டி நிலைய வாசலில் கைமாறியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் உட்புறத்தில் தயாரிப்பு விவரம் அச்சிட்ட பட்டியே இல்லை, உறுத்துகிறதென்று கத்தரித்துவிட்டாராம். தயாரித்த ஆண்டு அந்தப் பட்டியில்தான் இருக்கும். பெட்சல் நிறுவனத்தின் பழைய பொருள்களில் 14 203 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தால் 2014ஆம் ஆண்டின் 203ஆவது நாள், ஜூலை 22 என்று படித்துவிடலாம். துணிப் பொருள்களுக்கு, உறை பிரிக்காமலே வைத்திருந்தாலும், பத்து ஆண்டுகள்தான் உச்சவரம்பு என்கிறார்கள் பல தயாரிப்பாளர்கள். பட்டியில்லாத கச்சை புதிதுபோல் பளபளத்தது. நான் அதை ஒருமுறைகூடப் போடவில்லை. அவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். மெய்யா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை, அவ்வளவுதான்.

கயிற்றுக்கு வருகிறேன். 2016இல் வாங்கிய 60 மீட்டர் கயிறு. மூன்றே ஆண்டுகளில் அது போனதற்குப் பாறை காரணமல்ல, வீட்டில் 'பாம்ப் ஷெல்டர்' என்று நாம் சொல்லும் அந்த இரும்புக் கதவு அறை. வீவக வீட்டில் வேறெங்கே வைப்பது? அரிசி மூட்டை, சூட்கேஸ், தீபாவளி விளக்குகள், கழிப்பறை கழுவும் திரவம், அதன் பக்கத்தில் என் கயிற்றுப் பை. ஒருநாள் பையை எடுத்தபோது அடிப்பாகம் அட்டைபோல் விறைத்திருந்தது. திரவப் புட்டியின் மூடி சரியாகத் திருகப்படவில்லை. கயிற்றை மீட்டர் மீட்டராகத் தடவினேன். கறை இல்லை, நிறம் மாறவில்லை, எங்கும் மென்மையாக இல்லை. ஆனால் அந்தத் திரவம் அமிலம், கயிறோ நைலான். ஜெர்மன் ஆல்பைன் கழகத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் பிட் ஷூபர்ட் பல ஆண்டுக் கயிற்று விபத்துகளை ஆராய்ந்து சொன்னது நினைவுக்கு வந்தது: வெறும் முதுமையால் கயிறு அறுவதில்லை, கூரிய விளிம்பில் அறும், அமிலம் பட்டு அறும். அமிலம் பட்டது வெளியே தெரியாது. வெட்டிவிட்டேன்.

அடுத்த கயிறு 2019இல் வாங்கியது. அதன் பை துணி அலமாரியில் சேலைகளோடு இருக்கிறது, அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பாயில் அதைத்தான் பையன் கையில் கொடுத்தேன். விரலால் வளைத்து வளைத்துப் போகச் சொன்னேன். நல்ல கயிறு வளைக்கும்போது நடுவில் வட்டமான துளை நிற்கும். முனையிலிருந்து நான்காவது மீட்டரில் துளை நிற்கவில்லை. பூரி மாவுபோல் மடங்கி ஒட்டிக்கொண்டது. மேலுறை முழுதாகவே இருந்தது, உள்ளே நார் நைந்திருந்தது. எந்நேரமும் விழுந்து எழுவது முனைக்குப் பக்கத்தில்தானே. ஐந்து மீட்டரை வெட்டினோம். வெட்டியதும் நடு அடையாளம் நடுவில் இல்லாமல் போகிறது. ஆளை இறக்கும்போது அதை நம்பினால், குட்டையான பக்கத்து முனை கைநழுவும். முனையில் முடிச்சு போடாமல் இனி இதில் யாரையும் இறக்க மாட்டேன்.

"அப்படியென்றால் மீதி நல்ல கயிறுதானே? எனக்கு வேண்டும்" என்றான்.

இங்கேதான் எனக்கு அந்த முப்பது வெள்ளிக் கச்சை ஞாபகம் வந்தது. இந்தக் கயிறு எங்கே விழுந்தது, எத்தனை முறை நனைந்தது, எந்தக் கிராபி விளிம்பில் உரசியது, எல்லாம் எனக்குத் தெரியும். அவனிடம் வாயால் சொல்லலாம். அவன் குழுவில் இருபது பேர். கயிறு போகும், கதை போகாது. மூன்றாம் மாதம் அது யார் கையிலோ "ஒரு சித்தி கொடுத்தது, நல்ல கயிறு" என்று மட்டும் இருக்கும். ஆகவே அதை என்னிடமே வைத்துக்கொண்டேன். நான் அதில் இன்னும் ஏறுகிறேன், அடுத்த ஆண்டும் ஏறுவேன் என்றே நினைக்கிறேன். அவனுக்கு அது நியாயமாகப் படவில்லை; முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஏறும் காலணிகளைத் தாராளமாகப் பழையதாக வாங்குங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பசை விட்டு அடிப்பாகம் வாய் பிளக்கும், எரிச்சல்தான்; உயிர் அதில் தொங்கவில்லை. ஹெல்மெட்டை மட்டும் யாரிடமும் பழையதாக வாங்காதீர்கள்.

கடைசியில் அவன் எடுத்துப் போனது ஒன்பது காராபினர்களும், ஏறுபவரின் கயிற்றைக் கீழிருந்து பிடித்து நிறுத்தும் பிலே கருவியும். புதுக் கச்சைக்குப் பாதிப் பணம் நான் தருவதாகச் சொன்ன பிறகே முகம் இறங்கியது. வெட்டிய ஐந்து மீட்டரைப் பார்த்து அம்மா, "இவ்வளவு கெட்டிக் கயிற்றையா குப்பையில் போடுகிறாய்?" என்று பிடுங்கிக்கொண்டார். இப்போது அது ஈரச்சந்தைக்குப் போகும் தள்ளுவண்டியில் கீரைப் பையைக் கட்டியிருக்கிறது.