அப்பாவின் இடுப்பு மூட்டு: தகன நிலையச் சேவை பற்றி

அப்பாவைத் தகனம் செய்த நிலையத்தைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். ஊழியர் கேட்ட முதல் கேள்வியே, "நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதா?" என்பதாகத்தான் இருந்தது. இதயத் துடிப்பைச் சீராக்கும் அந்தக் கருவியிலுள்ள லித்தியம் பேட்டரி சூட்டில் வெடித்து உலையைச் சேதப்படுத்தும் என்று விளக்கி, முன்பே எடுக்க ஏற்பாடு செய்தார். மருத்துவமனையில் யாரும் இதைச் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இடுப்பிலிருந்த டைட்டானியம் உலோகச் செயற்கை மூட்டை எடுக்கத் தேவையில்லை. உலைச் சூடு சுமார் 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ். டைட்டானியம் உருக 1,668 டிகிரி வேண்டும். சாம்பலில் முழுசாகவே கிடந்தது, நிறம் மட்டும் மங்கியிருந்தது. காந்தத்தில் ஒட்டாது என்பதால் கையால் தேடி எடுத்தார். காத்திருக்கும் அறை சின்னது, சரி. ஆனால், "மறுசுழற்சிக்குக் கொடுக்கட்டுமா, நீங்களே வைத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு அவசரப்படுத்தாமல் நின்றாரே! 12 வருடம் அப்பாவை நடக்க வைத்த மூட்டு. வாங்கிக்கொண்டேன்.