ஒகேனக்கல் பரிசல்: மூங்கிலா, ஃபைபரா?

ஒகேனக்கல் பாறை இடுக்குகளுக்கு மூங்கில் பரிசலை அடிக்க ஆளில்லை. சுமார் 7 அடி விட்டம், தட்டையான அடிப்பாகம், படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் கீல் கட்டை (keel) கிடையாது. அதனால் முழங்கால் ஆழத் தண்ணீரிலும் தரை தட்டாது. ஆனால் அதே காரணத்தால் நேராகவும் போகாது. பின்னாலிருந்து வலித்தால் பம்பரமாகச் சுற்றும். பரிசல்காரர் துடுப்பை முன்னால் விட்டுத் தன் பக்கம் இழுப்பது அதற்குத்தான். எதிர்காற்றில் மட்டும் படுமந்தம்.

பாறையில் மோதினால் மூங்கில் பிளாச்சு வளைந்துகொடுக்கும். ஃபைபர் (கண்ணாடியிழை) பரிசல் அவ்வளவு வளையாது; மேல்பூச்சில் மயிரிழை விரிசல் விழும், அதன் வழியே நீர் இறங்கி இழை அடுக்கு பிரியும். ஒட்டுப்போட வேண்டுமானால் முதலில் நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு விரிசலைச் சுற்றி 2 அங்குலமாவது தேய்த்து, கண்ணாடியிழைப் பாயும் (மேட்) ரெசின் பிசினும் 2 அடுக்கு வைக்க வேண்டும். ஈரத்தோடு பூசினால் உரிந்துவிடும். மூங்கிலுக்கோ பிளாஸ்டிக் ஷீட் துண்டும் தாரும் போதும். என்ன, மூங்கில் உளுத்துப்போகும். வெயிலில் இளகிய தார் வேட்டியில் ஒட்டினால் போகாது.

கிருஷ்ணகிரி அணை மாதிரி தேங்கிய நீருக்கு ஃபைபர் தாராளமாகப் போதும்.

எதில் ஏறினாலும் லைஃப் ஜாக்கெட்டின் பக்கிள்களைப் பூட்டி, பரிசலின் அடித்தளத்தில் உட்காருங்கள், நின்றால் கவிழும். நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.