சென்னை தெரு ரேஸ் சர்க்யூட்: ஓட்டுபவருக்குக் கொண்டாட்டம், பார்ப்பவருக்குப் பாதிதான்

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம், ஏனென்றால் இதில் குழம்பியவர்கள் நிறைய பேர். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி நடந்தது உலகின் உச்ச கார் ரேஸான எஃப்1 (ஃபார்முலா 1) இல்லை. இளம் ஓட்டுநர்கள் தொடங்கும் கீழ்ப்படியான ஃபார்முலா 4 இந்தியச் சாம்பியன்ஷிப்பும், அணிகள் மோதும் இந்தியன் ரேசிங் லீக்கும்தான். எஃப்1 நட்சத்திரங்கள் ஹாமில்டன் வருவார், வெர்ஸ்டாப்பன் வருவார் என்று நினைத்து டிக்கெட் வாங்கியிருந்தால் அது தடத்தின் தப்பு இல்லை.

சரி, தடம் எப்படி? நல்ல தடம். நான் எதிர்பார்த்ததைவிட நல்ல தடம்.

3.5 கிலோமீட்டர் நீளம், 19 வளைவுகள். தீவுத்திடல், நேப்பியர் பாலம், சிவானந்தா சாலை, அண்ணா சாலையில் ஒரு துண்டு, கொடிமரச் சாலை என்று கூவத்தை ஒட்டியும் தாண்டியும் ஒரு சுற்று. எஃப்1 நடக்கும் தெருத் தடமான மொனாக்கோவிலும் 19 வளைவுதான், நீளம் 3.337 கிலோமீட்டர். சிங்கப்பூரில் 2023-இல் தடத்தை மாற்றிய பிறகு அங்கேயும் 19தான், ஆனால் நீளம் ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. இரண்டும் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் இரவு ரேஸ் என்று பார்த்து எல்லாரும் சென்னையைச் சிங்கப்பூரோடு ஒப்பிட்டார்கள், ஆனால் நெருக்கத்தில் இது மொனாக்கோ பக்கம் நிற்கிற தடம். ஒரு வளைவிலிருந்து வெளியே வந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த பிரேக் வந்துவிடும்.

தெரு சர்க்யூட்டுக்கே உரிய தொல்லைகளும் உண்டு, அவைதான் சுவாரஸ்யமும்கூட. சென்னைக்கு வெளியே நிரந்தர ரேஸ் தடம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் வளைவில் கொஞ்சம் அகலப் போய்விட்டால் மண்ணில் இறங்கித் திரும்பி வரலாம், இங்கே கான்கிரீட் சுவர், ரேஸ் அதோடு முடிந்தது. தினமும் பஸ்ஸும் ஆட்டோவும் ஓடுகிற ரோட்டில் முதலில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் இருக்கும், கார்கள் ஓட ஓட டயர் ரப்பர் படிந்து பிடிப்பு கூடும், ஆகவே முதல் சுற்றில் பிரேக் பிடித்த இடமும் கடைசிச் சுற்றில் பிடிக்கிற இடமும் ஒன்றாக இருக்காது. மழை பெய்தால் ரோட்டில் இருக்கும் வெள்ளைக் கோடெல்லாம் வழுக்கும். ஏற்ற இறக்கம் என்று சொல்ல இந்தத் தட்டையான ஊரில் பாலங்களின் முதுகை விட்டால் வேறு எதுவும் கிடையாது. லீகில் ஓடிய இத்தாலியத் தயாரிப்பான வுல்ஃப் ஜிபி08 தண்டர் எடை குறைவான கார், அது இந்த மாதிரி இடுக்கான இடங்களில் திரும்புவதைப் பார்க்கவே அழகு. அந்த லீகில் ஒவ்வொரு அணியிலும் ஒரு பெண் ஓட்டுநர் இருந்தாக வேண்டும், அது எனக்கு மிகவும் பிடித்த விதி.

இனி பார்ப்பவர் பக்கம். வேலிக்குப் பின்னால், நம் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் துண்டு ரோடு மட்டும்தான் நமக்கு. கார் வருகிறது, சத்தம் நெஞ்சில் அடிக்கிறது, போய்விட்டது. மற்றதெல்லாம் பெரிய திரையில். ஓவர்டேக்கும் குறைவுதான், தடம் குறுகலாக இருந்தால் அது தவிர்க்க முடியாதது. ஆகவே நேர்ப்பாதை ஓரம் உட்காராதீர்கள், வேகம் தெரியும், சண்டை தெரியாது. நேர்ப்பாதை முடிந்து பிரேக் பிடிக்கிற இடத்துக்கு எதிரே டிக்கெட் எடுங்கள், கொஞ்சம் அதிகம் கொடுக்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

பின்னணி தெரிந்தால் இது ஏன் சென்னைக்கு வந்தது என்று யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல வருஷம் ரேஸ் நடந்த ஊர் இது. அப்புறம் 1990-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நிரந்தரத் தடத்தைத் திறந்தது. 2005-இல் எஃப்1 ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர், 2010-இல் இரண்டாவதாகப் போன கருண் சந்தோக் சென்னைக்காரர். டெல்லி பக்கம் புத் சர்க்யூட்டை 5.125 கிலோமீட்டரில் பிரமாண்டமாகக் கட்டி 2011 முதல் 2013 வரை மூன்றே எஃப்1 ரேஸ் நடத்தினார்கள், வரித் தகராறில் அது நின்றுபோனது. ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஓரம் 2023-இல் மின்சாரக் கார் ரேஸான ஃபார்முலா இ வந்தது, ஒரே வருஷம்தான்.

சென்னையும் லேசில் நடந்துவிடவில்லை. முதலில் 2023 டிசம்பர் 9, 10 என்று தேதி குறித்தார்கள், மிக்ஜாம் புயல் வந்து ஊரே தண்ணீரில் நின்றது, ரேஸ் தள்ளிப்போனது. ஓமந்தூரார் அரசு மருத்துவமனை, பொது மருத்துவமனை எல்லாம் பக்கத்தில் இருக்கும்போது ரோட்டை மூடுவதா என்று வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது, நியாயமான கேள்விதான். கடைசியில் நடந்தபோதும் முதல் நாள் மழையால் வேலை தாமதமாகி, உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏவின் சான்றிதழுக்காக மாலைவரை காத்திருக்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு ஒரு தெருநாய் வேறு தடத்துக்குள் புகுந்தது. 2011-இல் புத் சர்க்யூட்டின் முதல் பயிற்சியிலேயே ஒரு நாய் ஓடியது ஞாபகம் இருக்கிறதா? நம் நாட்டு ரேஸுக்கு அதுதான் பச்சைக்கொடி போல.

எனக்கு இருக்கும் பெரிய குறை ஒன்றுதான். ரேஸ் முடிந்ததும் சுவரும் வேலியும் விளக்கும் கழற்றப்பட்டு, அது பழையபடி ரோடு ஆகிவிடும். ஃபார்முலா 4 ஓட்ட ஆசைப்படும் பையனோ பெண்ணோ அங்கே ஒரு நாள்கூடப் பயிற்சி எடுக்க முடியாது, அதற்கு இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவையில் இருக்கும் கரி ஸ்பீட்வே தடத்துக்கோதான் போக வேண்டும். தெரு ரேஸ் கூட்டத்தைக் கூட்டும், ஓட்டுநரை உருவாக்காது. இரண்டுக்கும் பணம் ஒதுக்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை, இதற்கு மட்டும் ஒதுக்கினால் உண்டு.

மறுபடி நடந்தால் போவேனா? போவேன். காரை வீட்டில் விட்டுவிட்டு மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்குவேன், காதடைப்பான் எடுத்துப்போவேன். குழந்தையைக் கூட்டிப்போகிறவர்கள் அதற்கு ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், திரையில் கேட்கிற சத்தம் வேறு, நேரில் கேட்கிற சத்தம் வேறு.