கலிபோர்னியாவுக்கு நர்ஸ் லைசென்ஸ் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

டெக்சாஸிலிருந்து கலிபோர்னியா போகிற நம்மூர் நர்ஸ்களுக்காக எழுதுகிறேன். இந்தியாவில் படித்தவர்கள் என்றால் கட்டாயம் படியுங்கள்.

கணவருக்கு சாக்ரமென்டோவுக்கு மாற்றல் வந்ததும், லைசென்ஸ் வேலை பார்த்துத் தரும் ஒரு ஏஜென்சியில் 900 டாலர் கட்டினோம். "உங்களுடையது காம்பாக்ட் லைசென்ஸ் மேடம், நாலு வாரத்தில் முடிந்துவிடும்" என்றார் போனில் பேசியவர். ஒரே லைசென்ஸில் பல மாநிலங்களில் வேலை பார்க்க விடும் ஒப்பந்தம்தான் காம்பாக்ட். அதில் டெக்சாஸ் உண்டு, கலிபோர்னியா கிடையாது. அங்கே என்டார்ஸ்மென்டுக்கு, அதாவது வேறு மாநில லைசென்ஸைக் காட்டி அங்கே லைசென்ஸ் வாங்க, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இதையே பிழைப்பாக வைத்திருப்பவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

பெரிய அடி அதற்குப் பிறகு. நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வு பாஸாகி வேறு மாநிலத்தில் எத்தனை வருடம் வேலை பார்த்திருந்தாலும், வெளிநாட்டில் படித்தவர்களின் படிப்பை கலிபோர்னியா நர்சிங் போர்டு முதலிலிருந்து பார்க்கும். மெடிக்கல், சர்ஜிக்கல், மகப்பேறு, குழந்தைகள், மனநலம் என்று ஒவ்வொன்றிலும் வகுப்பும் வார்டு போஸ்டிங்கும் ஒரே சமயத்தில் நடந்ததா என்பார்கள். தியரி ஒரு வருடம், போஸ்டிங் அடுத்த வருடம் என்றிருந்தால் சிக்கல்தான். அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்கச் சொல்வதும் உண்டு. டிரான்ஸ்கிரிப்டையும், எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் என்று காட்டும் படிவத்தையும் கல்லூரியே நேராக போர்டுக்கு அனுப்ப வேண்டும். ஏஜென்சிக்காரர்களோ என்னிடம் ஜெராக்ஸ் வாங்கி அனுப்பிவிட்டு, "சப்மிட் ஆகிவிட்டது" என்று மெசேஜ் போட்டார்கள். போர்டு அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஃபைல் அப்படியே கிடந்தது, ஆஸ்பத்திரி கொடுத்த ஆஃபரும் கைநழுவிப் போனது.

கைரேகைக்கு ஹூஸ்டனிலேயே லைவ் ஸ்கேன் (மெஷினில் கைரேகை பதிவது) எடுக்கச் சொன்னது தனிக்கதை. அது கலிபோர்னியாவுக்குள் இருப்பவர்களுக்கு. வெளியே இருப்பவர்கள் கைரேகை அட்டைதான் அனுப்ப வேண்டும். பழைய லைசென்ஸைச் சரிபார்க்க நர்சிஸ் தளத்தில் நாமே கட்டினால் 30 டாலர். என் பில்லில் 180 போட்டிருந்தார்கள்!

பணத்தைக் கேட்டால், "சர்வீஸ் சார்ஜ் ரீஃபண்ட் கிடையாது, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்கிறார்கள். கிரெடிட் கார்டு கம்பெனியில் டிஸ்ப்யூட் போட்டிருக்கிறேன். விண்ணப்பத்தை போர்டின் இணையதளத்தில் இப்போது நானே போட்டுவிட்டேன். இருக்கிற வேலையை ராஜினாமா செய்வதற்கு முன்பே ஊரில் உங்கள் கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். அந்தப் படிவத்தை நிரப்பித் தர அங்கே விவரம் தெரிந்தவர் யார் என்று பிடிப்பதற்கே நாளாகும்.

அந்த ஆள் இன்னும் நர்ஸ்கள் வாட்ஸ்அப் குரூப்களில் "நாலு வாரம், கேரன்டி" என்று விளம்பரம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.